பதினொரு மில்லிமீட்டர்

புக்கிட் பாத்தோக்கில், புளோக்குக்குப் பின்னால்,
கால்வாய் விளிம்பில் முளைத்த குப்பைமேனியை
வேரோடு பிடுங்கிப் பையில் போட்டேன்.
பிடுங்கிய குழியில் முகம் தேய்த்து
ஒரு சாம்பல் பூனை போதையில் உருண்டது.
"மலாயில் இதன் பெயரே குச்சிங் காலாக்," என்றான்
பக்கத்து மேசை ரொஹைசாட். "வெறிகொண்ட பூனை."

காய வைத்து, அரைத்து,
மூன்று நாள் மெத்தனாலில் ஊற வைத்து வடித்தால்
பழைய எஞ்சின் ஆயில் மாதிரி ஒரு சாறு.
மணம் மட்டும், மழை விட்ட கார்ப்பார்க்.

அகார் தட்டில் ஓரம்வரை கிருமி பூசினேன்,
பரோட்டாவுக்கு நெய் தடவுவதுபோல்.
மேலே மூன்று காகித வட்டுகள்:
ஒன்றில் மருந்து, ஒன்றில் வெறும் மெத்தனால்,
ஒன்றில் குப்பைமேனி.
முப்பத்தேழு பாகையில் இரவெல்லாம்
யாரும் பார்க்காத சண்டை.

காலையில்
மருந்தைச் சுற்றி இருபத்துநான்கு மில்லிமீட்டர் வெறுமை.
மெத்தனாலைச் சுற்றி ஒன்றுமில்லை, அதாவது
எல்லாம் இருந்தது.
குப்பைமேனிக்குப் பதினொன்று.
வட்டின் அகலமே ஆறு. கழித்தால்
பக்கத்துக்கு ஓர் எள்ளின் நீளம்.

"பதினான்கு என்று படிக்க முடியாதா?"
முனைவர் சிவபாக்கியம் பாதி சிரிப்பில் கேட்டார்.
அளவுகோலைச் சாய்த்தும் பார்த்தேன்.
பதினொன்றுதான்.

ஊதாக் கரைசல் கொஞ்சம் ஆறுதல்.
சாறு நான்கு சொட்டு விட்டு, அரைமணி இருட்டில் வைத்தேன்.
ஊதா வெளுத்து மஞ்சளானது,
துருப்பிடிக்க இருந்த ஏதோ ஒன்று
கடைசி நேரத்தில் மனம் மாறியதுபோல்.
"குப்பிக்குள் நடப்பதெல்லாம்
உடம்புக்குள் நடக்குமென்று சொல்ல இயலாது."
அந்த அறிக்கையில் நான் எழுதிய
ஒரே நல்ல வாக்கியம்.

மூன்று முறை செய்தால்தான் கணக்கு.
வியாழக்கிழமை மறுபடி போனேன்.
விளிம்பு மொட்டை. பெட்ரோல் வாசம்.
புல்வெட்டியைத் தோளில் மாட்டியிருந்த தம்பி
முகமூடியைத் தூக்கி,
"களைதானேக்கா?" என்றான்,
மன்னார்குடிப் பேச்சு.
என்ன சொல்ல.
பூனை வெறுந்தரையை முகர்ந்துகொண்டிருந்தது.

திரும்பிவந்து
பழைய தட்டை அவித்து எறிய எடுத்தேன்.
தெளிந்த வட்டத்துக்குள், மருந்தின் பக்கம்,
இரண்டு வெள்ளைப் புள்ளிகள்.
அன்றைக்கு இல்லை.
ஆளில்லை என்று நான் அளந்து எழுதிய இடத்தில்
இரண்டு பேர் குடியேறியிருந்தார்கள்.

ரொஹைசாட் எட்டிப் பார்த்தான்.
விசிலை நிறுத்தினான்.
தட்டின் அடியில் தேதி எழுதி
குளிர்பெட்டியில் வைத்தேன்,
பூனைக்குக் கிடைக்காத வேரின்
மிச்சச் சாற்றுக்குப் பக்கத்தில்.