பதினேழு வட்டம்

நாகமரைத் துறையில்
தண்ணீர் இறங்கிப் போன மாசியில்
படகைக் கவிழ்த்துப் போட்டோம்.
ஆறு பேர் தேவைப்பட்டது.
வாங்கிய வருஷம் நாலு பேர் போதும்.
"நமக்குத்தான் வயசாயிருச்சு" என்றான் தம்பி இருசப்பன்.
இல்லை.
படகு தண்ணீர் குடித்திருக்கிறது.

ஒரு ரூபாய்க் காசை எடுத்து
மூக்கிலிருந்து தட்டிக்கொண்டே வந்தேன்.
டக். டக். டக்.
நடு வயிற்றில்
தொப்.
அழுகின பூசணிக்குள் கேட்கிற சத்தம்.
அந்த இடத்தில் சாக்பீஸ் வட்டம்.
முழுகின ஊரின் ஏதோ ஒரு மதில்
போன கோடையில் கிழித்த கோட்டின் ஓரமாக
இன்னும் நாலைந்து.
மொத்தம் பதினேழு.
பின்பலகையில் வட்டம் போட இடமில்லை,
முழுப் பலகையும் தொப்.
மோட்டார் தொங்குவது அதில்தான்.

கொளத்தூர் இன்னாசி எக்ஸெல்லில் வந்தார்.
பலகையில் கடுகளவு ஓட்டை போட்டார்.
கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை.
பிறகு பழுப்பாய் ஒரு சொட்டு,
காடி வாசம்.
"உள்ள பிளைவுட்டு சாணியாப் போச்சுங்க.
அறுத்து மாத்தணும்.
மேட்டு, ரெசின், கூலி எல்லாம் சேத்து முப்பத்தெட்டு."
"எத்தினி வருஷம் வரும்?"
"அஞ்சுன்னா பொய்.
மூணுன்னா நீங்க பயப்படுவீங்க."

புதுசு ரெண்டு லட்சத்துப் பத்து.
குழுவில் கடன் கிடைக்கும்,
மாசம் ஆறாயிரத்து முந்நூறு.
வெள்ளம் வந்தால் துறையை மூடுவார்கள்.
கடனை யாரும் மூட மாட்டார்கள்.

இருசப்பன் புதுசுதான் என்றான்.
கார்த்திகையில் நடுத்தண்ணியில் மோட்டார் ஆடியபோது
எட்டுப் பேர், ரெண்டு பைக்,
பண்ணவாடிக்குச் சீர் கொண்டு போன ஒரு குத்துவிளக்கு.
"அன்னிக்கு விளக்கைப் புடிச்சிக்கினு இருந்தது
யாருன்னு நெனைச்சே?"
அவன்தான்.
ஒரு கையில் விளக்கு, ஒரு கையில் மோட்டார்.
அதற்கு என்னிடம் பதில் இல்லை.

என் கேள்வி வேறு:
இதை என்ன செய்வது?
மரமென்றால் அடுப்புக்குப் போகும்,
இரும்பென்றால் எடைக்கு.
இதைக் கொளுத்தினால் ஊரே இருமும்.
புதைத்தால் புதைத்தபடியே கிடக்கும்.
காயலான் கடைக்காரர் தூரத்திலேயே
கும்பிடு போட்டுவிட்டார்.
கரையில் ஏற்கெனவே மூன்று கிடக்கின்றன.
ஒன்றின் கீழே ஆடுகள்.
ஒன்று மாட்டுத்தொட்டி.
மூன்றாவதில் மழைத்தண்ணி தேங்கிக் கொசு.

ஓட்டைக்குக் கீழே ஒரு டம்ளர் வைத்தேன்.
வசூல் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதினேன்:
திங்கள் ஒன்றரை. செவ்வாய் ஒன்றே கால்.
புதன் மறந்துபோனது.
வெள்ளி அரை.
படகைக் கேட்டு வந்தவர்களுக்கெல்லாம்
பக்கத்துப் படகைக் காட்டினோம்.

ஒன்பதாம் நாள் உச்சி வெயில்.
ஒதுங்க வேறு நிழலில்லை,
கவிழ்ந்த படகுக்கடியில் நுழைந்து படுத்தேன்.
அப்போதுதான் பார்த்தேன்.
பெயின்ட் தேய்ந்த இடமெல்லாம்
வெயில் உள்ளே வந்துகொண்டிருந்தது,
இளநீர் வழுக்கை நிறத்தில்.
உள்ளே பின்னிக் கிடந்த இழைகள்
ஒவ்வொன்றாகத் தெரிந்தன.
இருட்டாய் நின்றவை வட்டங்கள் மட்டும்.
எண்ணினேன். பதினொன்று.
திரும்ப எண்ணினேன். பதினொன்றுதான்.
ஆறு இடத்தில் காசு பொய் சொல்லியிருக்கிறது,
இல்லை, ஆறு இடம் காய்ந்திருக்கிறது.

"டேய், உள்ள வா" என்றேன்.
முணுமுணுத்துக்கொண்டே தவழ்ந்து வந்தான்.
பக்கத்தில் மல்லாந்தான்.
ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை.
கையை நீட்டிப் பின்பலகையை அமுக்கினான்,
விரல் பதிந்தது.
பக்கச்சுவரை அமுக்கினான்,
பதியவில்லை.
மறுபடி அமுக்கினான்.

"ஆள் ஏத்தறது ஆறு பேரோட நிறுத்தணும்" என்றான்.
"சரி."
"பைக்கு ஒண்ணுதான்."
"சரி."
"மூணு வருஷம் கழிச்சு என்னைக் கேக்காதே."

அதற்கு நான் சரி சொல்லவில்லை.
போனை அவன் கையில் கொடுத்தேன்.
"இன்னாசிக்கிட்ட முப்பத்தஞ்சுன்னு கேளு.
ராவற தூசிக்கு உடம்பு அரிக்கும்னு இழுப்பாரு.
தேங்காயெண்ணெய் நம்மளுதுன்னு சொல்லிடு."