இருநூற்றுப் பன்னிரண்டில் தொடங்குகிறது

இரவு பதினொன்றே காலுக்கு
துண்டுகளை இணைக்கும் வேலை ஒருவழியாக முடிந்தது.
மூன்று கோடியே எண்பது லட்சம் எழுத்து,
நானூற்றுச் சொச்சம் துண்டாக.
மரபணு வரைபடம் என்று இதைத்தான் சொல்கிறோம்.
கிழிந்த வலையை மணலில் விரித்து
மிச்சக் கண்ணிகளை எண்ணுவது.

பூஞ்சைக்கு இன்னும் பெயரில்லை.
எண்ணெய் மிதந்து வந்த மார்கழிக்கு அடுத்த மார்கழி,
காட்டுக்குப்பத்துக்குக் கீழே
இடுப்பளவு தண்ணீரில் கையால் இறால் தடவிக்கொண்டிருந்த
பச்சையம்மாதான் காட்டினாள்:
"அங்க இன்னாத்துக்குத் தோண்டுற? அது செத்த சேறு.
இந்தாண்ட வா.
இந்த வேராண்டதான் பூசணம் புடிச்சி
எண்ணெ நாத்தம் கொறஞ்சிருக்கு.
துன்னுமா அது, எண்ணெய?"
அவள் விரல்நுனிகளில் தோல் உரிந்திருந்தது.
என் கையுறையைப் பார்த்தாள்.
வேறொன்றும் கேட்கவில்லை.

கத்திவாக்கத்தில் ரயிலேறி
பனிப்பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.
எதிர் சீட்டுப் பையன் கேட்டான்:
"குல்ஃபியாக்கா?"

மரபணுக்கள் பத்தாயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தாறு.
அவற்றில் மூவாயிரத்துக்கும் மேலே
மென்பொருள் ஒரே வரியை எழுதி வைக்கிறது:
அனுமானப் புரதம், பணி தெரியவில்லை.
வேலை செய்கிறது.
என்ன வேலை என்று எந்தப் பதிவேட்டிலும் இல்லை.

தூக்கம் வராவிட்டால் எனக்கொரு கெட்ட பழக்கம்.
புரதம் எழுத ஆங்கிலத்தில் இருபது எழுத்து போதும்.
ஓ கிடையாது, அதனால் எண்ணூர் எழுத முடியாது.
யூ கிடையாது, காசிமேடும் போச்சு.
மணலி எழுதலாம்.
மெத்தியோனின், அலனின், அஸ்பரஜின்,
அலனின், லியூசின், ஐசோலியூசின்.
விளையாட்டாகத் தேடலில் போட்டேன்.
ஒரே ஒரு இடம்,
பணி தெரியாத ஒரு புரதத்தின் நடுவில்
இருநூற்றுப் பன்னிரண்டில் தொடங்குகிறது.

தற்செயல்தான்.
ஐம்பது லட்சம் எழுத்தைக் குலுக்கிக் கொட்டினால்
ஆறெழுத்து எங்காவது ஒட்டிக்கொண்டு விழும்.
அதற்கு ஊரும் தெரியாது, ஆலையும் தெரியாது.
இதையே ஒரு மாணவன் என்னிடம் கொண்டுவந்திருந்தால்
போய்த் தூங்கு என்றிருப்பேன்.
ஆனாலும் எழுந்துபோய் காலடிப்பேட்டை ஜன்னலைத் திறந்தேன்.
மேற்கே, குழாய் நுனியில்
அந்தத் தீ எப்போதும்போல் எரிந்துகொண்டிருந்தது.

பிறகு பச்சையம்மா.
பதினோரு எழுத்து, எல்லாமே உண்டு.
ப்ரோலினில் ஆரம்பித்து அலனினில் முடிகிறாள்,
நடுவே இரண்டு மெத்தியோனின் அடுத்தடுத்து.
பூஜ்யம்.
ஈஸ்ட்டில் தேடினேன், காளானில் தேடினேன்,
ரொட்டியில் பூக்கும் கறுப்பில்,
கைக்கெட்டிய கிடங்கு எல்லாவற்றிலும்.
பூஜ்யம். பூஜ்யம்.
இரண்டு மணிக்கு கரண்ட் போனது.

காலையில் பதிவுப் படிவம்.
அட்சரேகை, தீர்க்கரேகை, சேற்றின் உப்பு,
அன்றைய வெப்பம், சேகரித்தவர்: என் பெயர்.
காட்டியவர் என்று கட்டம் இல்லை.
ஸ்ட்ரெய்னின் பெயர் கேட்கும் இடத்தில் மட்டும்
எதை வேண்டுமானாலும் எழுத விடுகிறார்கள்.
பி.ஏ. ஏழு என்று அடித்தேன்.
மேடம் கேட்பார், அதென்ன பி.ஏ. என்று.
பிளேட் ஏ என்று சொல்லிக்கொள்ளலாம்.

ஏழாம் தட்டில் பூஞ்சை
மூடியைத் தொட்டுவிட்டது.
இன்றைக்கே மாற்றி நட வேண்டும்.