சேதாரம்

வையாலாவில் குளிர்காலம் முடியும்போது
கடல் தன் கணக்கைக் கரையில் கொட்டும்:
கூடிக் களித்துச் செத்த கணவாய்களின் ஓடுகள்.
நாட்டு மருந்துக் கடையில் இதற்குக் கடல்நுரை என்று பெயர்.
இங்கே கிளிக்கூண்டில் செருகிவைக்கிறார்கள்.
நான் பை நிறையப் பொறுக்குகிறேன்,
பகலெல்லாம் எக்ஸ்ரே அறையில்
எலும்பு பார்த்தது போதாதென்று.

காலீன் பாஸ்கோ வந்தாள்.
இரும்பாலையில் இருபத்தாறு வருடம் கிரேன் ஓட்டியவள்,
காலணியில் இன்னும் அந்தச் சிவப்புத் தூள்.
தீப்பெட்டிக்குள் பஞ்சு,
பஞ்சுக்குள் இரண்டு தங்கப் பல்.
"நெவிலுடையது. எரிக்கும் முன்பு கேட்டு வாங்கினேன்.
மோதிரம் வேணும். மெருகு வேண்டாம்.
பொய் சொல்லும்போதெல்லாம் மின்னும் இது.
மின்னினது போதும்."

நாலு கிராமும் கொஞ்சமும்.
மோதிரத்துக்குப் போதும், ஊற்றுவாய்க்குப் போதாது.
மேலே நிற்கும் எடைதான்
கீழே இருப்பதை அச்சுக்குள் தள்ளும்;
வெட்டி எறியப்போகிற பொன் இல்லாமல்
வேண்டிய பொன் இறங்காது.

என்னிடம் ஒற்றைத் தோடு இருந்தது.
இணை மெல்பர்ன் ரயிலில் விழுந்தது,
சண்டையில் வெடுக்கென்று முகம் திருப்பியபோது.
யாரோடு என்பது இங்கே வேண்டாம்.
மூசையில் போட்டேன்.

ஓட்டை நீளவாக்கில் அறுத்து
சிமெண்டுத் தரையில் தேய்த்து
நடுவே பித்தளை மாதிரியை வைத்து அழுத்தினால்
வெண்ணெய் போல வாங்கிக்கொள்ளும்.
கம்பியால் கட்டினேன். பொன்மேல் வெண்காரம் தூவி
ஒரே மூச்சில் ஊற்றினேன்.
மயிர் கருகும் நாற்றம்.
பக்கத்து வீட்டு நாய் மூன்று தும்மல் போட்டது.

ஓர் ஓடு ஒருமுறைதான் தாங்கும்.
கரியைப் பிளந்தால், வளையம் முழுக்க
வற்றிய அலை விட்டுப்போன மணலின் வரி,
கணவாய் தன் நாள்களை அடுக்கிவைத்த வரி.
அரத்தை எடுத்த என் கையைக் காலீன் பிடித்துக்கொண்டாள்.
விரலில் போட்டுத் திருப்பிப் பார்த்தாள்.
பிறகு, நான் பார்க்கவில்லை என்று நினைத்து
லேசாகக் கடித்தாள்.

செய்கூலி சொன்னேன்.
சேதாரம் கேட்கவில்லை,
அந்தச் சொல்லை அவள் மொழியில்
எப்படிச் சொல்வதென்றும் தெரியவில்லை.

நறுக்கிய ஊற்றுவாய் மேசையில் ஆறிக் கிடக்கிறது.
தராசில் தோட்டின் எடைக்குச் சரியாக நிற்கிறது.
உருகிய பின் யார் பிரிப்பது?
அவள் விரலில் கொஞ்சம் என் காது.
என் டப்பாவில் கொஞ்சம் நெவில்,
ஒரு குன்றிமணி பொய்.