கணக்கு உதைக்கும் இடம்

அந்த விளம்பரத்தை எழுதியவள் நான்தான்.
தெனிஸ்லியில் துண்டும் குளியல் அங்கியும் நெய்யும் ஆலை,
ஆள்சேர்ப்புப் பிரிவில் எனக்கு ஒன்பதாவது வருடம்.
‘நிலைத்தன்மை அலுவலர் தேவை’ என்று தொடங்கி
கார்பன் கணக்கு, தண்ணீர்த் தணிக்கை,
ஒரு துண்டைப் பருத்திக்காட்டிலிருந்து
குப்பைமேடு வரைக்கும் பின்தொடரத் தெரிதல்,
எக்செல், ஆங்கிலம், முடிந்தால் ஜெர்மன்,
குழுவோடு இணங்கிப் போகும் இயல்பு
என்று அடுக்கிக்கொண்டே போனேன்.
பாதியை, ஹாம்பர்க்கில் எங்கள் துண்டு வாங்குகிறவர்கள்
எச்சரித்து எழுதிய கடிதத்திலிருந்து உருவினேன்.
மீதி எங்கிருந்து வந்ததென்று
எனக்கே தெரியாது.

பதினோரு பேர் வந்தார்கள்.
ஒருவன் சான்றிதழ்களை
சீட்டுக்கட்டு போல விசிறிக் காட்டினான்.
ஒருத்தி ‘பேரார்வம்’ என்ற சொல்லை ஏழு முறை சொன்னாள்,
காகித ஓரத்தில் கோடு போட்டு எண்ணினேன்.
எல்லோரும் பூமியைக் காப்பாற்ற வந்திருந்தார்கள்.
கொதிகலன் எந்தப் பக்கம் என்று
ஒருவரும் கேட்கவில்லை.

கடைசியாக நுர்பெரி.
பத்து மணி நேர்காணலுக்கு
எட்டு பத்துக்கே உள்ளே வந்ததாகக்
காவலாளியின் பதிவேடு சொன்னது.
இடது காலணி முழுக்க நீலம்.
கூட்ட அறையின் வெளிர்க் கம்பளத்தில்
ஒற்றைக் காலால் நடந்து வந்தவள் போல
ஒரு பக்கமாகத் தடம்.

‘எங்கே போயிருந்தீர்கள்?’
‘சாயப்பட்டறைக்குப் பின்னால்.
ரெம்ஸி தேநீர் கொடுத்தார்.’

இயக்குநர் துன்ஜாய் சிரித்தார்.
அவள் எங்கள் அறிக்கையை விரித்து
பதினேழாம் பக்கத்தில் விரல் வைத்தாள்.
‘இங்கே கணக்கு உதைக்கிறது.
இவ்வளவு எரிவாயுவில் இவ்வளவு துண்டைக் காயவைக்க முடியாது.
பின்னால் தார்ப்பாய் போட்டு மூடியிருக்கும்
பழுப்பு நிலக்கரி யாருடையது?’

‘அது பழைய கொதிகலனுக்கு. இரவில் மட்டும்தான்.’
‘இரவில் விட்டாலும் புகை மேலேதான் போகிறது.’

குளிர்சாதனத்தின் முனகல் கேட்டது.
துன்ஜாய் பேனாவை மூடினார், திறந்தார், மூடினார்.
‘அதையும் சேர்த்தால்
ஹாம்பர்க் அடுத்த வாரமே போர்ச்சுகலுக்குப் போய்விடும்.
அறுநூறு பேர் வேலை செய்கிறார்கள் அம்மா இங்கே.’

இந்த இடத்தில் அவள் உபதேசம் செய்வாள்
என்று நினைத்தேன். செய்யவில்லை.
என் பென்சிலைக் கேட்டு வாங்கினாள்.
தன் சுயவிவரத்தைத் திருப்பிப் போட்டு
அதன் வெறும் முதுகில் பெருக்கினாள், வகுத்தாள்,
ஓரிடத்தில் தப்பு செய்து, அடித்து, மறுபடி போட்டாள்.
‘சாயநீரை ஆவி பறக்க வாய்க்காலில் விடுகிறீர்கள்.
தெரியாமல் கால் வைத்துவிட்டேன், இன்னும் எரிகிறது.
அந்தச் சூட்டைப் பிடித்து
உள்ளே வரும் தண்ணீருக்குக் கொடுத்தால்
இரவுக் கொதிகலனுக்குப் பாதி வேலை இல்லை.
போட்ட காசு மூன்று வருடத்தில் திரும்பும்,
என் வகுத்தல் சரியாக இருந்தால்.
ஹாம்பர்க்கிடம் இரண்டையும் ஒரே கடிதத்தில் சொல்லுங்கள்.
ஆனால் முதலில் நிலக்கரியை எழுதுங்கள்.
எழுதாததை எப்படிக் குறைப்பேன்?’

அவள் போன பிறகு
மதிப்பெண் தாள் என் முன்னால் கிடந்தது.
எக்செல்: காட்டவில்லை. ஜெர்மன்: இல்லை.
‘குழுவோடு இணங்கிப் போகும் இயல்பு’
என்ற கட்டத்தின் மேல்
என் பேனா நின்றது.
ரெம்ஸி ஒன்பது வருடத்தில்
எனக்கு ஒரு தேநீர் கொடுத்ததில்லை,
நானும் அந்தப் பக்கம் போனதில்லை.

துன்ஜாய் இன்னும் முடிவு சொல்லவில்லை.
அவளுடைய தாளை மட்டும்
மடித்துப் பையில் வைத்துக்கொண்டு
மாடிப்படியில் இறங்கிப் போனார்.
ஜன்னலிலிருந்து பார்த்தேன்,
கார் நிற்கும் பக்கம் அவர் திரும்பவில்லை.

அவள் கிடைக்காமல் போனால்
திங்கட்கிழமை விளம்பரத்தை மறுபடி போட வேண்டும்.
இணங்கிப் போகும் வரியை எடுத்துவிட்டேன்.
அந்த இடத்தில் இப்போதைக்கு இப்படி இருக்கிறது:
வேலையில் கால் நனையும்.
மாற்றுக் காலணி கொண்டுவரவும்.