இதர செலவுகள்

ஆண்டறிக்கையின் நாற்பத்தோராம் பக்கத்தில்
கடைசி வரிக்கு முந்தைய வரியில்
இருக்கிறேன் நான்:
இதர செலவுகள்.

கடலூர், மஞ்சக்குப்பம், வட்டார அலுவலகம்.
நான்கு மாடி, நூற்று நாற்பத்தாறு சாவி.
ஒரு லிஃப்ட்; அதற்கு இரண்டாம் மாடி மட்டும் பிடிக்காது.
கிழக்குச் சன்னல்களைக் கடற்காற்று தின்கிறது.
ஏசியின் வெளிப்பெட்டிகள் மூன்றாம் வருஷமே
கருவாட்டு முள்ளாய் நிற்கின்றன.
காற்று திசை மாறினால் சிப்காட் வாடை.
அதற்கும் என்னைத்தான் கூப்பிடுகிறார்கள்:
"வசதி சார், ஏதாவது பண்ணுங்க."

பண்ருட்டியில் பெண் பார்க்கப் போனபோது
தாய்மாமன் கேட்டார், வசதி எப்படி?
வசதிப் பிரிவுதாங்க, என்றேன்.
பலாச்சுளைத் தட்டோடு சிரித்துவிட்டாள்.
அவளைத்தான் கட்டியிருக்கிறேன்.
அவருக்கு இன்னும் பதில் கிடைக்கவில்லை.

போன மாதம் சென்னையிலிருந்து ஆலோசகர் வந்தார்,
மடிக்கணினி நிறையக் கட்டங்களோடு.
பாலிசிப் பிரிவு இவ்வளவு விற்றது,
வசூல் பிரிவு இவ்வளவு கொண்டுவந்தது,
நீங்கள் என்ன உற்பத்தி செய்தீர்கள்?
மேலே தொட்டி வழிகிற சத்தம்.
ஒரு நிமிஷம் சார், என்று எழுந்து போய்
மோட்டாரை நிறுத்திவிட்டு வந்தேன்.
கட்டம் காலியாகவே இருந்தது.

புகார்ப் பதிவேட்டைக் காட்டியிருக்கலாம்.

"நாற்காலி ஒரு பக்கம் சாய்கிறது."
எழுதியவருக்கு ஓய்வுபெற நாலு மாதம்.
நாற்காலி நேராகத்தான் இருந்தது.
மாற்றிக் கொடுத்தேன்.

"மாடிப்படி பல்பை மாற்ற வேண்டாம்."
கையெழுத்தில்லை.
யாருக்கோ உட்கார்ந்து அழ இருட்டு வேண்டியிருக்கிறது.
பதினைந்து நாள் பொறுத்தேன்.
பிறகு மாற்றினேன், யாராவது விழுந்து வைத்தால்?

"அறை ஏழு. கதவு உள்ளே தாழிட முடியவில்லை. அவசரம்.
பூவிழி, கிளெய்ம் பிரிவு."
அறை ஏழில் பழைய கோப்புகள், கரையான்,
கால் உடைந்த மேசை இரண்டு.
அதற்குள் தாழிட்டுக்கொண்டு என்ன அவசரம்?
பத்தொன்பதாவதாக வரிசையில் போட்டேன்.
மறுநாளும் அதே வரி.
அதற்கு மறுநாளும், பேனா தாளைக் கிழிக்கும்படி.

அன்று சாயங்காலம் பஸ் நிறுத்தத்தில்
அவள் பையிலிருந்து எட்டிப் பார்த்தது
துண்டில் சுற்றிய சின்ன பாட்டில்.
பேறுகால விடுப்பு முடிந்து
அவள் வந்து எட்டு நாள்தான் ஆகிறது.
மூன்று நாளாகக் கதவை
முதுகால் அடைத்துக்கொண்டு நின்றிருக்கிறாள்.
அட மடையா.

இம்பீரியல் ரோட்டில் கடை சாத்துகிற நேரம்.
இரும்பு துருப்பிடிக்கும், பித்தளையே கொடுங்க.
தச்சர் அந்தோணிசாமி வீட்டுக்குப் போயாயிற்று;
நானே முடுக்கினேன், நாலு திருகாணி, ஒன்று கோணல்.
கரையான் மேசைகளை வெளியே இழுத்து
ஒரு நாற்காலி போட்டேன். சாயாத நாற்காலி.

மறுநாள் பதிவேட்டில் புகாரில்லை. நன்றியும் இல்லை.
பதினொன்றரைக்கு ஒரு டக்.
மூன்று மணிக்கு ஒரு டக்.

ஆலோசகர் பில்லைப் பிடித்துவிட்டார்.
"தாழ்ப்பாள், எண்பத்தைந்து ரூபாய்.
கோப்புகள் உள்ளேயிருந்து தாழிட்டுக்கொள்ளுமா?"
பூனை வருது சார், என்றேன்.
பூனை, என்று தட்டினார்.
என் கட்டத்தில் விழுந்த முதல் சொல்.

இருங்கள், லிஃப்ட் மணி அடிக்கிறது.
இரண்டாம் மாடிதான்.
உள்ளே யாரோ கதவைத் தட்டுகிறார்கள்.