ஜூன் இருபத்தொன்றுக்கு இறங்குதல்

மொண்டெவிடியோவில் ஜூலை என்றால் குளிர்காலம்.
சுவர்கள் வியர்க்கும். உப்பு டப்பாவிலேயே கட்டியாகும்.
ஆறென்று பெயர் வைத்துக்கொண்டு
கடல்போல் நடந்துகொள்கிற தண்ணீரிலிருந்து
காற்று ஏறி வந்து மூன்றாம் மாடி ஜன்னலைத் தட்டும்.

என் கணினியில் கடல்சிங்கங்கள் ஊமையாகிப் பத்தொன்பது நாள்.

லோபோஸ் தீவின் ஈரப் பாறையில் குப்புறக் கிடந்து
நான் பதிவுசெய்த நாற்பது மணிநேரக் கூச்சல்.
திரையில் அலைக்கோடு துள்ளுகிறது.
சத்தம் மட்டும் இல்லை,
கண்ணாடிக்கு அந்தப் பக்கம்
சண்டை போடும் குடும்பம் மாதிரி.

யாரும் என்னை வற்புறுத்தவில்லை.
புதிய இயங்குதளம், சோதனைப் பதிப்பு,
எல்லாருக்கும் முன்னால் பார்க்கலாம் என்றது.
வேலியில் போன ஓணானை
நானாக எடுத்து மடியில் விட்டுக்கொண்டேன்.
ஐகான்களின் மூலைகள் இன்னும் கொஞ்சம் உருண்டிருந்தன.
அதற்குத்தான் இத்தனையும்.

"ஏற ஒரு பொத்தான் போதும், இறங்க அது உதவாது"
என்றான் எபெர் போனில்,
பின்னால் யாருடைய பிரிண்டரோ முனகியது.
"வட்டை முழுசா அழிக்கணும்.
பென் டிரைவிலேர்ந்து பழசை ஏத்தணும்.
பேக்கப் இருக்கா?"
இருந்தது. ஜூன் இருபத்தொன்று, இரவு ஒன்பது பத்து.
"புதுசுல எழுதினதைப் பழசு படிக்காது.
வேணுங்கிறதைக் கையால எடுத்து வச்சுக்க."

எது வேண்டும்?
மின்கட்டண ரசீது. மூன்று விலைச்சீட்டு.
எதிர்வீட்டு நாய், மங்கலாக.
அப்புறம் நெலிதாவுக்கு அனுப்பிய கடிதம்.

அக்காவும் நானும் ஒரு படகு எஞ்சினுக்கு வாரிசுகள்.
படகு எப்போதோ போய்விட்டது.
எஞ்சின் மட்டும் பிரியாபொலிஸில் அவள் கார் ஷெட்டில்
தரையெல்லாம் எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தது.
விற்றுவிட்டாள், ஒரு வார்த்தை சொல்லாமல்.
எட்டுப் பத்தி எழுதினேன்.
'அப்பாவை எடைக்குப் போட்டவளே' என்று ஒரு வரி.
எழுதும்போது அந்த வரி எனக்குப் பிடித்திருந்தது.
பதில் இல்லை.

கடிதத்தை எடுத்துவைக்கவில்லை.
ஒரு பிரதிதான் அவளிடம் இருக்கிறதே.

அழி.
இரண்டே எழுத்து.
நிச்சயமாகவா என்று கேட்டது, நிச்சயமாக என்றேன்.
இன்னும் இருபத்தொன்பது நிமிடம் என்றது.
முக்கால் மணி கழித்தும் இருபத்தொன்பது நிமிடம்.
மாத்தேவுக்கு மறுபடி வெந்நீர் வைத்தேன்.
கீழே தெருவில் மேளத்தோலை இறுக்க
நெருப்பு மூட்டியிருந்தார்கள் பையன்கள்,
மழை வந்து அணைத்துவிட்டுப் போனது.
போகவில்லை, நின்று பெய்தது.

எழுந்தது இயந்திரம். அதற்கு ஜூலை தெரியாது.
ஒலிப்பானைச் செருகியதும்
நாற்பது மணி நேரமும் ஒரே வாயால் திறந்துகொண்டதுபோல்
அப்படி ஒரு அலறல்.
கீழ்வீட்டு வால்தெமார் துடைப்பக்கட்டையால்
கூரையை இடித்தார். சிரித்தேன்.

வரைவுகள் பெட்டியில் ஒன்று என்று காட்டியது.

'நெலிதா, எஞ்சினை விற்பதென்றால் வில்.
அதற்கு முன் ஒரே ஒரு தரம் ஓடவிடு,
சத்தத்தை நான் பதிந்துகொள்கிறேன்.
மழை பெய்கிற ஒரு ஞாயிற்றுக்கிழமை நீயும் வா,
தோர்தா ஃப்ரீத்தா சுடலாம்,'

காற்புள்ளியோடு நின்றிருந்தது.
அந்த இடத்தில்தான் எழுந்து
'நிறுவு' என்பதை அழுத்தப் போயிருக்கிறேன்.
ஒரு வார்த்தை சொல்லாமல் இருந்தது யார்?

திருத்தவில்லை. விற்றுப் போனதை
விற்கச் சொல்லும் கடிதத்தை அப்படியே அனுப்பினேன்,
காற்புள்ளியோடு.

திரை மூலையில் ஒரு சின்ன அட்டை எட்டிப் பார்த்தது:
புதிய பதிப்பு தயார், இன்றிரவே நிறுவலாமா?
அதை மூடிக்கொண்டிருக்கும்போதே
நெலிதா வந்தாள், ஒன்றரை வரியில்:

மாட்டுக்கொழுப்பு வாங்கி வை.
எண்ணெயில் சுட்டால் வரமாட்டேன்.