ஈரம் காயாத கதவு

எங்கள் நாடக அரங்கில் கதவு ஒன்றுதான்.
சுவர்கள் வரும், போகும். மரங்கள் அட்டையில் முளைக்கும்.
ராஜா நுழைவதும் கடன்காரன் தட்டுவதும்
இந்த ஓக் மரக் கதவைத்தான்.

"சனிக்கிழமைக்குள் நீலம்" என்றார் கிர்ஸ்திவோயே.
மேடை அவர் பொறுப்பு, வர்ணம் என்னுடையது.
புது நாடகத்தின் மூன்றாம் அங்கத்தில்
மாப்பிள்ளை முகத்தில் மணப்பெண் அறைந்து சாத்துகிற கதவு.
பழைய பூச்சு உப்பிக் கிடந்தது.
சுரண்டுகத்தியோடு தரையில் உட்கார்ந்தேன்.

மேலே வெள்ளை. போன வருஷத்து மருத்துவமனை.
ஒரே இழுப்பில் வந்துவிட்டது.

அதன் கீழே சாம்பல்.
பாலங்கள் ஆற்றில் விழுந்த வசந்தம் அது.
ராத்திரியில் மின்சாரம் கிடையாது.
பகல் மூன்று மணிக்கு ஜன்னல்களைத் திறந்துவைத்து
நள்ளிரவுக் கொலையை வெயிலில் நடித்தார்கள்.
அபாயச் சங்கு ஊதியபோது ஒருவரும் எழவில்லை.
மூன்றாம் வரிசையில் யாரோ கத்தினார்:
"கொன்றது யாரென்று சொல்லிவிட்டு ஊதச் சொல்லுங்கள்!"

பிறகு பச்சை.
தினாருக்குக் காலையில் ஒரு மதிப்பு, மாலையில் வேறு.
டிக்கெட் விற்ற மிலுங்கா
பூஜ்யங்கள் எழுதிக் கை சலித்து
பலகையைத் துடைத்துவிட்டு எழுதினாள்:
ஆளுக்கு ஒரு முட்டை.
மாடி இருக்கைக்கு எப்போதும் பாதி விலைதானே என்று கேட்டவனுக்கு,
"இரண்டு பேராக வாருங்கள்."
அன்றைய விருந்துக் காட்சியில்
நடிகர்கள் நிஜமாகவே மென்றார்கள்.
வசனம் நான்கு நிமிஷம் தாமதம்.
கைதட்டல் மட்டும் நேரத்துக்கு வந்தது.

சிவப்பு சுலபத்தில் வரவில்லை. மூன்று பூச்சு.
அணைகள், உலைகள், கடைசியில் எப்போதும் விடியல்.
அந்த நாடகங்களின் பெயர்கள் உதிர்ந்துவிட்டன,
வர்ணம் உதிர மறுக்கிறது.

அதற்கும் அடியில் கறுப்பு.

முன்வரிசை முழுக்க அந்நிய அதிகாரிகள் உட்கார்ந்த வருஷம்.
நகைச்சுவை போடச் சொல்லி உத்தரவு.
இரண்டாம் அங்கத்தில் விதோமிர் நுழைய வேண்டும்.
கதவு திறந்தது.
ஒருவரும் வரவில்லை.
பகலிலேயே அவனைக் கொண்டுபோயிருந்தார்கள்.
மேடைக்கு அடியில், வசனம் எடுத்துக்கொடுக்கும் குழியில்,
ஸ்பசேனியா பக்கத்தைப் புரட்டினாள்.
அவன் வரிகளைச் சொல்ல ஆரம்பித்தாள்,
வழக்கமான அதே கிசுகிசுப்பில்.
மற்றவர்கள் திறந்த கதவைப் பார்த்துப் பதில் பேசினார்கள்.
அங்கம் முழுக்க.
கடைசி மாடி வரை அந்தக் கிசுகிசுப்பு கேட்டதாம்,
அவ்வளவு அமைதி.
சிரிக்க வேண்டிய இடத்தில் ஒரு அதிகாரி சிரித்தார்.
தனியாக.

கத்தியைக் கொஞ்ச நேரம் கீழே வைத்தேன்.

மூலையில் மட்டும் இன்னும் ஆழம் போனேன்.
பொன் வர்ணம், நகத்தளவு,
ஏதோ ஒரு ராணிக்காகப் பூசியது.
செர்பியன், ஹங்கேரியன், ஜெர்மன், ஸ்லோவாக்:
நான்கு மொழிக்காரர்கள் ஒரே வில்லனை
நான்கு மொழியில் வைத காலம்.
அப்புறம் வெறும் மரம்.
விரலால் தடவி நாக்கில் வைத்தேன்.
கரித்தது.
அரங்கு ஆவதற்கு முன் இது உப்புக் கிடங்கு,
தீசா ஆற்றில் படகுகள் கொண்டுவந்து இறக்கிய உப்பு.
உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள்.
கதவு நினைக்கிறது.

கறுப்பை முழுக்கச் சுரண்டவில்லை.
கைப்பிடிக்கு மேலே உள்ளங்கை அளவு விட்டு,
அதன்மேலேயே நீலம் பூசினேன்.
கிர்ஸ்திவோயே மேடாகத் தெரிகிறது என்றார்.
தெரியட்டும் என்றேன்.

சனிக்கிழமை. 'ஈரம்' என்று அட்டை மாட்ட மறந்துபோனேன்.
மாப்பிள்ளையாக வந்த ஓக்னியன்
இரண்டு கைகளாலும் கதவைத் தட்டி,
கெஞ்சி, நெற்றியைச் சாய்த்து,
திரும்பியபோது முகமெல்லாம் நீலம்.
அரங்கமே அதிர்ந்தது. மாடியில் ஒருவர்
இருமல் வந்து வெளியே போனார்.

இயக்குநருக்கு அது பிடித்துவிட்டது.
ஆகவே இப்போது
ஒவ்வொரு காட்சிக்கும் ஒரு மணி நேரம் முன்னால்
கதவை மறுபடி பூசுகிறேன்.
சம்பளம் அதேதான்.